தலைநகரோடு பேசினால் எல்லை அடங்குமா? மியான்மர் குறித்த இந்தியக் கொள்கை: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தியாவுக்கும் மியான்மருக்கும் இடையே தரையில் 1,643 கி.மீ. எல்லை இருக்கிறது. அருணாச்சலப் பிரதேசத்தில் 520, நாகாலாந்தில் 215, மணிப்பூரில் 398, மிசோரத்தில் 510. இந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் நாட்டைப் பற்றி டெல்லி 1948 முதல் பலமுறை தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. நட்பு, மௌனம், கொள்கைப் பிடிப்பு, ராணுவ ஆட்சியோடு சமரசம், இணைப்புத் திட்டங்கள், இப்போது முள்வேலி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்குதான் இருந்தது. தலைநகரில் ஆள்பவரைக் கையில் வைத்துக்கொண்டால் எல்லையில் நடப்பதும் கைக்குள் வந்துவிடும் என்ற கணக்கு அது. 2021க்குப் பிறகு பொய்த்துப்போனதும் அதுதான். இந்த ஆய்வு அந்தக் கணக்கு எப்படி உருவானது, எங்கே விரிசல் விட்டது என்பதைப் பின்தொடர்கிறது.

நட்பும் மௌனமும், 1948–1988

1937 வரை பர்மா, அதாவது இன்றைய மியான்மர், பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். தமிழ்நாட்டுக்கு அது வெறும் அண்டை நாடு அல்ல. ஐராவதி ஆற்று டெல்டாவின் நெல் விவசாயம் செட்டியார்களின் கடனில்தான் பெருமளவு நடந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறின. அந்தப் பத்தாண்டின் முடிவில் முக்கிய நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு செட்டியார்கள் வசம் இருந்தது. பர்மிய தேசியவாதத்தின் கோபம் ஆங்கிலேயர்மீது இருந்த அளவுக்கு இந்தியர்மீதும் திரும்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதைத் தெரிந்துகொள்ளாமல் பின்னால் வந்த எந்த முடிவையும் சரியாகப் படிக்க முடியாது.

நேருவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1948 ஜனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றதும், நில நாட்டுடைமைச் சட்டம் வந்து இந்தியர்களின் நிலம் பறிபோனபோதும், அதற்காக உறவை முறித்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. 1949இல் கரேன் கிளர்ச்சியாளர்கள் ரங்கூனை நெருங்கியபோது பர்மியப் பிரதமர் ஊ நூவின் அரசுக்கு இந்தியா ஆயுதம் கொடுத்தது. 1951 ஜூலை 7 அன்று நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு பிரதமர்களின் தனிப்பட்ட நெருக்கத்தின்மேல் கட்டப்பட்ட உறவு இது. அந்த இருவரில் ஒருவர் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தபோது அந்தக் கேள்வி வந்துவிட்டது. கடைகளும் ஆலைகளும் நாட்டுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. சேமிப்பை ரொக்கமாக வைத்திருந்த இந்தியக் குடும்பங்கள் ஒரே நாளில் வெறுங்கையாயின. ஏறத்தாழ 3 லட்சம் பேர் அந்த ஆண்டுகளில் வெளியேறினார்கள். தமிழ்நாட்டின் பர்மா காலனிகளும் சென்னையின் பர்மா பஜாரும் அப்படித்தான் உருவாயின. தரை வழியே திரும்பவும் பர்மாவுக்குள் போய்விடலாம் என்று வடகிழக்குக்குப் போன தமிழர்கள் எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயிலேயே தங்கினார்கள். அங்கே இன்றும் தமிழர்களும் அவர்கள் கட்டிய கோயிலும் இருக்கிறார்கள்.

டெல்லி கப்பல் அனுப்பியது, மறுவாழ்வு கொடுத்தது, ஆனால் நே வினை எதிர்க்கவில்லை. சீனாவோடு போர் நடந்த அதே ஆண்டில் கிழக்கே இன்னொரு பகையைச் சம்பாதிக்க வேண்டாம் என்பதே முதல் கவலை. பர்மா 1960இலேயே சீனாவோடு எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. அந்த மௌனத்தின் பலன் 1967 மார்ச் 10 அன்று வந்த எல்லை வரையறை ஒப்பந்தமும் 1986இன் கடல் எல்லை ஒப்பந்தமும். மக்களின் இழப்பை விழுங்கிக்கொண்டு வரைபடத்தைக் காப்பாற்றிய கட்டம் என்று இதைச் சொல்லலாம். அதற்கான விலையைக் கொடுத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள் என்பது நம் கொள்கை வரலாற்றில் போதுமான அளவு எழுதப்படவில்லை.

ஐந்தே ஆண்டில் ஒரு திருப்பம்

1988 ஆகஸ்ட் 8 அன்று தொடங்கிய மக்கள் எழுச்சியை ராணுவம் சுட்டு அடக்கியபோது, இந்தியா வெளிப்படையாக ஜனநாயகத்தின் பக்கம் நின்றது. தப்பி வந்த மாணவர்களுக்கு மணிப்பூரிலும் மிசோரத்திலும் முகாம்கள் திறக்கப்பட்டன. அகில இந்திய வானொலியின் பர்மிய ஒலிபரப்பில் ஊ நூவின் மகளே பேசினார். டெல்லியில் படித்தவரான ஜனநாயக இயக்கத் தலைவர் ஆங் சான் சூச்சிக்கு இங்கே தனி மதிப்பு இருந்தது. 1990 தேர்தலில் அவருடைய கட்சி 392 இடங்களை வென்றும் ராணுவம் ஆட்சியைத் தர மறுத்தபோது இந்தியாவின் கண்டனம் கூர்மையானது.

1993 மார்ச் மாதம் வெளியுறவுச் செயலர் ஜே. என். தீட்சித் யாங்கோன் (பழைய ரங்கூன்) போனார். அங்கிருந்து எல்லாம் மாறியது. 1994 ஜனவரி 21 அன்று எல்லை வணிக ஒப்பந்தம் கையெழுத்தானது. 1995 ஏப்ரல் 12 அன்று மோரே–தமு வழி திறந்தது.

இவ்வளவு வேகமாகத் திரும்பியதற்குச் சீனாவை மட்டும் காரணம் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. சீன ஆயுதமும் கடனும் மியான்மருக்குள் பாய்ந்தது டெல்லியை உறுத்தியது நிஜம். ஆனால் அன்றாட நெருக்கடி வடகிழக்கில் இருந்தது. நாகா, மணிப்பூரி, அசாமியக் கிளர்ச்சிக் குழுக்களின் முகாம்கள் எல்லைக்கு அப்பால் சகாயிங் காடுகளில் இருந்தன. அடித்துவிட்டு அந்தப் பக்கம் ஓடினால் இந்திய ராணுவம் தொடர முடியாது. அந்த முகாம்களை மூடவைக்கக் கூடியவர்கள் யாங்கோனின் ஜெனரல்கள் மட்டுமே என்று ராணுவத் தலைமையும் உள்துறையும் நம்பின. 1991இல் நரசிம்ம ராவ் தொடங்கிய கிழக்கு நோக்கிய பொருளாதாரக் கொள்கைக்கும் தரைவழி தேவைப்பட்டது. மூன்று தேவைகளும் ஒரே வாசலைக் காட்டின.

அந்த வாசல் எவ்வளவு எளிதில் சாத்தப்படும் என்பதை 1995ஆம் ஆண்டே காட்டிவிட்டது. ஏப்ரல், மே மாதங்களில் மிசோரம் எல்லையோரம் ஆயுதங்களோடு வந்துகொண்டிருந்த கிளர்ச்சியாளர் கூட்டத்தை இரு நாட்டு ராணுவங்களும் சேர்ந்து மறித்தன. ‘தங்கப் பறவை’ என்பது அந்த நடவடிக்கையின் பெயர். நடுவழியில் மியான்மர் படை விலகிக்கொண்டது. அதே சமயத்தில் சூச்சிக்கு இந்தியா நேரு விருது கொடுத்ததுதான் காரணம் என்று ராணுவ வட்டாரங்களில் பரவலாகச் சொல்லப்படுகிறது. டெல்லி இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், ஜெனரல்களைச் சங்கடப்படுத்தும் எதையும் செய்யக் கூடாது என்பது. இன்னொரு பாடமும் அதில் இருந்தது: ஒருவருடைய மனநிலையை நம்பி எல்லைப் பாதுகாப்பை வைக்கக் கூடாது. அது எடுத்துக்கொள்ளப்படவே இல்லை.

கைக்கு எட்டிய எரிவாயு

மியான்மரின் மேற்கிலுள்ள ரக்கைன் மாநிலக் கரையோரம் ஏ-1 தொகுதியில் 2004 ஜனவரியில் எரிவாயு கண்டறியப்பட்டது. வயலை இயக்கும் பொறுப்பு தென்கொரியாவின் தேவூ நிறுவனத்திடம் இருந்தது. இந்தியப் பொதுத்துறை நிறுவனங்களான ஓஎன்ஜிசி விதேஷ் 20 சதவீதமும் கெயில் 10 சதவீதமும் பங்கு வைத்திருந்தன. வயலில் முப்பது சதவீதம் நம்முடையது, சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. எரிவாயு இந்தியாவுக்குத்தான் வரும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

குழாய் வங்கதேசம் வழியே வர வேண்டியிருந்தது. 2005 ஜனவரியில் யாங்கோனில் மூன்று நாடுகளும் கொள்கையளவில் ஒத்துக்கொண்டன. வங்கதேசம் மூன்று நிபந்தனைகள் வைத்தது: நேபாளம், பூடானுக்கு இந்தியா வழியே வணிகப் பாதை, அந்த நாடுகளிலிருந்து நீர்மின்சாரம் வாங்கும் வசதி, இந்தியாவுடனான வணிகப் பற்றாக்குறையைக் குறைக்க நடவடிக்கை. இவற்றை முத்தரப்பு ஒப்பந்தத்தில் சேர்க்க டெல்லி விரும்பவில்லை, இருதரப்பாகத் தனியே பேசலாம் என்றது. பேச்சு இழுத்துக்கொண்டே போனது.

சீனா காத்திருக்கவில்லை. பெட்ரோசைனாவுடன் மியான்மர் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. 2007 ஜனவரி 12 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் மியான்மருக்கு எதிரான தீர்மானத்தைச் சீனாவும் ரஷ்யாவும் ரத்து அதிகாரத்தால் வீழ்த்தின. அந்தப் பாதுகாப்புக்கு ஈடாக இந்தியாவிடம் கொடுக்க எதுவும் இல்லை. 2013 முதல் அந்த எரிவாயு சாவ்பியூவிலிருந்து யுன்னானுக்கு ஓடுகிறது. இந்திய நிறுவனங்களுக்குப் பங்கு வருமானம் வருகிறது, எரிவாயு வரவில்லை.

யாங்கோனோடு உறவு நன்றாக இருந்த காலத்தில் நடந்தது இது. தலைநகரின் தயவு மட்டும் போதாது, நடுவில் இருக்கும் வங்கதேசத்தோடும் கணக்கைத் தீர்த்திருக்க வேண்டும் என்பதே இந்த இழப்பின் பாடம்.

கலாதான்: ஒரு பாதையின் உடற்கூறு

இந்தியாவின் மியான்மர் சிந்தனை முழுவதையும் ஒரே திட்டத்தில் பார்க்க வேண்டுமானால் கலாதான் பல்வகைப் போக்குவரத்துத் திட்டத்தைப் பார்க்க வேண்டும். வடகிழக்கை மற்ற மாநிலங்களோடு இணைப்பது சிலிகுரி இடுக்கு. குறுகிய இடத்தில் அதன் அகலம் 22 கி.மீ. அளவே. அதைச் சுற்றிக்கொண்டு கடல் வழியே மிசோரத்தை அடைவதுதான் யோசனை. 2008 ஏப்ரல் 2 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. செலவு முழுவதும் இந்தியாவுடையது.

பாதையின் துண்டுகள் இவை. கொல்கத்தாவிலிருந்து சிட்வே துறைமுகம் வரை கடலில் 539 கி.மீ. சிட்வேயிலிருந்து பலேத்வா வரை கலாதான் ஆற்றில் 158 கி.மீ. பலேத்வாவிலிருந்து மிசோரம் எல்லையில் ஜோரின்புய் வரை சாலையில் 109 கி.மீ. அங்கிருந்து லாங்ட்லாய் வரை இந்தியச் சாலை. சரக்கு முதலில் கப்பலில் வரும், சிட்வேயில் படகுக்கு மாறும், பலேத்வாவில் லாரிக்கு மாறும். ஒவ்வொரு மாற்றத்திலும் இறக்குக் கூலி, காத்திருப்பு, சேதம் என்று செலவு ஏறும் என்பதால், தரைவழியைவிட இது மலிவாக இருக்க வேண்டுமானால் ஓட்டம் இடைவிடாமல் நடக்க வேண்டும்.

முதல் தவறு வரைபடத்திலேயே இருந்தது. ஆற்றுவழி பலேத்வாவுக்கு மேலே கலேத்வா வரை 225 கி.மீ. போகும், அங்கிருந்து சாலை 62 கி.மீ. போதும் என்று முதலில் திட்டமிட்டார்கள். பலேத்வாவுக்கு மேலே ஆறு சரக்குப் படகுக்கு ஏற்றதாக இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆற்றில் குறைந்தது மலைச்சாலையில் கூடியது. மலைச்சாலை ஆற்றைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும் வேலை. 2008இல் ரூ. 535.91 கோடி என்றிருந்த மதிப்பீடு 2015இல் ரூ. 2,904.04 கோடி ஆனது.

இரண்டாவது, பகுதிகள் வேறுவேறு வேகத்தில் முடிந்தன. தலா 300 டன் கொள்ளும் ஆறு படகுகள் 2017இலேயே மியான்மரிடம் ஒப்படைக்கப்பட்டன. சாலை ஒப்பந்தமும் அதே ஆண்டில்தான் கொடுக்கப்பட்டது. மழைக்காலத்தில் அந்த மலைகளில் மாதக்கணக்கில் வேலை நின்றுவிடும். படகு தயார், துறைமுகம் தயார், சாலை இல்லை என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

மூன்றாவதுதான் மிகப் பெரியது. திட்டம் போகும் வழியில் யாருடைய ஆட்சி நடக்கிறது என்ற கேள்வியை யாரும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை. 2019 நவம்பரில் திட்டத்தோடு தொடர்புடைய இந்தியர் ஐந்து பேரை ஆற்றில் வைத்து ரக்கைன் இனத்தவரின் ஆயுதக் குழுவான அரக்கான் ஆர்மி பிடித்தது. அவர்களில் ஒருவர் காவலிலேயே இறந்தார். அது வெறும் கடத்தல் சம்பவமாகப் பார்க்கப்பட்டது. உண்மையில், இந்த வழியில் எங்களைக் கேட்காமல் எதுவும் போகாது என்ற அறிவிப்பு அது.

2023 மே 9 அன்று சிட்வே துறைமுகம் திறக்கப்பட்டது. கொல்கத்தாவிலிருந்து முதல் கப்பல் 1,000 டன் சிமெண்டோடு, அதாவது 20,000 மூட்டையோடு, வந்து சேர்ந்தது. எட்டே மாதத்தில், 2024 ஜனவரியில், பலேத்வா அரக்கான் ஆர்மியின் கைக்குப் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் ரக்கைனின் 17 நகர்ப் பகுதிகளில் 14 அவர்களிடம். ராணுவத்திடம் மிஞ்சியவை சிட்வே, சாவ்பியூ, மனாங் மட்டும்.

ஒரு மூட்டை சிமெண்ட் கொல்கத்தாவிலிருந்து மிசோரம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிட்வேயில் சுங்கம் பார்ப்பது ராணுவ அரசு. துறைமுகத்தைத் தாண்டியதும் ஆற்றங்கரைகள் அரக்கான் ஆர்மியுடையவை. பலேத்வாவிலும் அவர்களே. ஆனால் பலேத்வா நிர்வாகப்படி சின் மாநிலத்தைச் சேர்ந்தது. அரக்கான் ஆர்மி அங்கே இருப்பதைச் சின் அமைப்புகள் பல ஏற்பதில்லை. அந்தச் சின் மக்களின் உறவினர்கள்தான் ஜோரின்புய்க்கு இந்தப் பக்கம் மிசோரத்தில் வாழ்கிறார்கள். படகுக்கு யார் அனுமதி தருவார், வரி யாருக்கு, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று 2008 ஒப்பந்தத்தைப் புரட்டினால் பதில் கிடைக்காது. அதில் கையெழுத்திட்ட அரசுக்கு அந்த ஆற்றில் இப்போது அதிகாரம் இல்லை.

இந்தியா–மியான்மர்–தாய்லாந்து முத்தரப்பு நெடுஞ்சாலையின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை ஏறத்தாழ 1,360 கி.மீ. தமு–கலேவா–கலேமியோ சாலை 160 கி.மீ.யை எல்லைச் சாலைகள் அமைப்பு 2001இலேயே போட்டுக் கொடுத்தது. அதிலிருந்த பழைய குறுகிய பாலங்கள் அப்படியே இருந்தன. 69 பாலங்களைப் புதிதாகக் கட்டுவதும், கலேவா–யார்கி 120 கி.மீ.யைச் சீர்செய்வதும் தாமதத்தில் சிக்கின. அந்தச் சாலை போகும் சகாயிங்தான் 2021க்குப் பிறகு ராணுவ ஆட்சியை எதிர்க்கும் மக்கள் பாதுகாப்புப் படைகளின் மையக் களமானது.

2021க்குப் பிறகு

2021 பிப்ரவரி 1 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை ராணுவம் கவிழ்த்ததற்கு முன்புவரை பழைய கணக்குக்குப் பலனும் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. 2019 தொடக்கத்தில் நாகா கிளர்ச்சியாளர்களின் டாகா முகாமை மியான்மர் ராணுவம் கைப்பற்றியது. 2020 மே மாதம் 22 கிளர்ச்சியாளர்களை இந்தியாவிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டு ‘சிந்துவீர்’ நீர்மூழ்கிக் கப்பலை இந்தியா மியான்மருக்குக் கொடுத்தது. ஆதலால் கவிழ்ப்பு நடந்ததும் டெல்லி பழைய பாதையிலேயே நின்றது. மார்ச் 27 ராணுவ தின அணிவகுப்பில் இந்தியப் பிரதிநிதி கலந்துகொண்டார். 2021 ஜூன் 18 ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2022 டிசம்பர் 21 பாதுகாப்பு மன்றத் தீர்மானம் 2669இலும் சீனா, ரஷ்யாவோடு சேர்ந்து ஒதுங்கியது.

ஆனால் எல்லை மாநிலங்கள் டெல்லியோடு சேர்ந்து ஒதுங்கவில்லை. 2021 மார்ச் 10 அன்று உள்துறை அமைச்சகம் நான்கு மாநிலங்களுக்கும் வருவோரைத் தடுக்கும்படி எழுதியது. மிசோரம் முதல்வர் ஜோரம்தங்கா பிரதமருக்கே பதில் எழுதினார்: வருபவர்கள் எங்கள் இனத்தவர், கண்ணை மூடிக்கொள்ள முடியாது. மணிப்பூரில் முகாம் திறக்க வேண்டாம், உணவும் தங்குமிடமும் தர வேண்டாம், பணிவாகத் திருப்பி அனுப்புங்கள் என்று மார்ச் 26 அன்று மாநில அரசின் ஆணை போனது. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் திரும்பப் பெறப்பட்டது. மிசோரம் 30,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தது. வெளியுறவு ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கலாம், ஆனால் எல்லையில் அதை நடத்துபவர்கள் ஊர்த் தலைவர்களும் தேவாலயங்களும் மாநில அரசும்தான் என்பது அப்போது தெளிவானது.

அதைவிட ஆழமாகக் கொள்கையை ஆட்டியது வேறொன்று. மணிப்பூர் எல்லைக்கு அப்பால் மெய்தி கிளர்ச்சிக் குழுக்கள் சில மியான்மர் ராணுவத்தோடு சேர்ந்து உள்ளூர் எதிர்ப்புப் படைகளோடு மோதியதாகக் களச் செய்திகள் திரும்பத் திரும்ப வந்தன. எந்தக் குழுக்களை அடக்குவதற்காக 1993 முதல் ஜெனரல்களோடு சமரசம் செய்தோமோ, அவற்றில் சிலவே அந்த ஜெனரல்களின் துணைப்படையாயின. 30 ஆண்டு நியாயத்தின் நடுத்தூணே இதனால் ஆட்டம் கண்டது.

2023 நவம்பர் 13 அன்று மிசோரத்தின் ஜோகாவ்தாருக்கு எதிரே ரிகாவ்தாரைச் சின் படைகள் பிடித்தன. தோற்ற மியான்மர் வீரர்கள் உயிர் தப்பி இந்தியாவுக்குள் ஓடி வந்தார்கள். இந்தியா அவர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பியது.

டெல்லியின் முதல் பதில் வேலி. 2024 பிப்ரவரியில் எல்லை முழுவதும் வேலி போடப்படும் என்றும், இருபக்கமும் 16 கி.மீ. வரை கடவுச்சீட்டின்றிப் போய்வரும் ஏற்பாடு ரத்து என்றும் உள்துறை அமைச்சர் அறிவித்தார். மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. ஆண்டு முடிவதற்குள் முழு ரத்து தளர்ந்து, 10 கி.மீ.க்குள் வாழ்பவர்களுக்கு அசாம் ரைபிள்ஸ் தரும் அனுமதிச் சீட்டு, 43 கடக்கும் இடங்கள் என்ற வடிவத்துக்கு வந்தது. வேலியால் கடத்தலைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் எல்லைக்கோடு வீட்டுக்கு நடுவே போகும் நாகாலாந்தின் லோங்வா போன்ற ஊர்களில் அதை எங்கே நடுவது என்பதற்கு வரைபடத்தில் விடை கிடையாது.

இரண்டாவது பதில் சத்தமில்லாமல் நடக்கிறது. 2024 பிப்ரவரியில் மிசோரத்தின் மாநிலங்களவை உறுப்பினர் எல்லை கடந்து போய் அரக்கான் ஆர்மியினரைச் சந்தித்தார். அந்த ஆண்டு நவம்பர் கருத்தரங்கு ஒன்றுக்கு எதிர்த்தரப்பு அமைப்புகளுக்கும் டெல்லியிலிருந்து அழைப்பு போனது. அதே நேரம் மியான்மரின் இன்றைய தலைநகரான நேபிடாவோடு உறவும் குறையவில்லை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு ‘பிரம்மா நடவடிக்கை’யில் உதவி போனது, ஒரு வாரத்தில் பாங்காக்கில் பிரதமர் மோடி அப்போதைய ராணுவ ஆட்சித் தலைவர் மின் ஆங் ஹ்லைங்கைச் சந்தித்தார். இரண்டு பக்கமும் பேசுவது தவறல்ல, இன்றைய நிலையில் அதுதான் சரி. குறை என்னவென்றால் ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தமும் தூதரகமும் இருக்கின்றன, மறுபக்கத்துக்குத் தற்செயல் சந்திப்புகள் மட்டுமே இருக்கின்றன.

ஆட்சி யாருடையது என்ற சர்ச்சைக்கு அப்பாற்பட்டு ஓடுவது பருப்பு வணிகம். கவிழ்ப்பு நடந்த நான்கே மாதத்தில், 2021 ஜூனில், ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று ஐந்தாண்டு புரிந்துணர்வு கையெழுத்தானது. நம் இட்லி மாவில் அரைபடும் உளுந்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. டாலர் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 2024 முதல் ரூபாய்–கியாட் நேரடிக் கணக்குத் தீர்ப்பும் வந்தது.

கலாதான் 2027இல் முழுமையாக இயங்கும் என்று கப்பல் துறை அமைச்சர் 2025இல் சொன்னார். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறியபின் வங்கதேச வழி நம்பகமற்றதாகத் தோன்றுவதால் அதன் மதிப்பு கூடியிருக்கிறது. ஷில்லாங்–சில்சார் இடையே 166.8 கி.மீ. நான்குவழிச் சாலைக்கு ரூ. 22,864 கோடிக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது அந்த இணைப்பும் கணக்கில் இருந்தது. அந்தத் தேதி நிலைக்க வேண்டுமானால் சாலை வேலையைவிட முன்னதாக நான்கு விஷயங்கள் எழுத்தில் வர வேண்டும்: ஆற்றில் படகுகளுக்கு அரக்கான் ஆர்மியின் உறுதி, சிட்வேயைச் சுற்றிச் சண்டை மூண்டால் சரக்கை எங்கே நிறுத்துவது என்ற ஏற்பாடு, பலேத்வா குறித்துச் சின் அமைப்புகளோடு ஓர் உடன்பாடு, இவற்றையெல்லாம் பேச மிசோரம் அரசுக்கு முறையான இடம். இன்றுவரை பொதுவெளியில் தெரியும் எந்த ஆவணத்திலும் இவை இல்லை.